ரேஸ் டிரைவர் வேலை சோறு போடுமா? கான்கார்டுக்கு வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களை நினைத்து அல்ல, 2004இல் இதே ஊரில் இதே குழப்பத்தோடு நின்ற என்னை நினைத்து. சென்னையிலிருந்து வட கரோலினாவின் கான்கார்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, சில நாள் வீட்டு ஜன்னல் அதிர்கிறது, திங்கட்கிழமை ஆபீசில் எல்லாரும் ரேஸ் பற்றியே பேசுகிறார்கள், எட்டு வயசுப் பையன் பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்து ‘நானும் நாஸ்கார் டிரைவர் ஆவேன்’ என்று ஒற்றைக் காலில் நிற்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். ‘அண்ணா, இதெல்லாம் ஒரு வேலையா, சோறு போடுமா’ என்றும் கேட்டிருந்தீர்கள்.

வேலைதான். சிலருக்கு அள்ளிக் கொடுக்கிற வேலை. ஆனால் அந்தச் சிலரில் ஒருவராக ஆகும்வரை அது சோறு போடாது, நம் சோற்றையும் சேர்த்துத் தின்னும்.

ஜன்னல் அதிர்வதற்குக் காரணம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ரேஸ் டிராக். பெயர்தான் சார்லட் மோட்டார் ஸ்பீட்வே, இருப்பது நம் கான்கார்டில். 1960இல் திறந்தது. ஒன்றரை மைல் சுற்று, திருப்பங்களில் தரை 24 டிகிரி சாய்ந்திருக்கும். நம் ஊர் ஏரிக்கரை சரிவு மாதிரி இருக்கும், அதில் காரை ஓட்டுகிறார்கள். மே மாதக் கடைசியில், மெமோரியல் டே விடுமுறைக்கு முந்தைய ஞாயிறன்று, கோக்க கோலா 600 என்ற பந்தயம் நடக்கும். 400 சுற்று, 600 மைல், நாலு மணி நேரத்துக்கு மேல். வண்டிக்குள் சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இடையில் இறங்க முடியாது, ஒன்றுக்கும் போக முடியாது. ‘இடப்பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தால் போதுமே, இதில் என்ன இருக்கிறது’ என்று ஆபீசில் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். மூன்று வருஷம் அதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்தார்கள்.

இங்கே ஓடுவதை ஸ்டாக் கார் பந்தயம் என்பார்கள். ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்கிற கார் என்றுதான் ஆதியில் அர்த்தம். இந்தப் பக்கத்து மலைக்காட்டில் கள்ளச் சாராயம் காய்ச்சி, போலீஸ் துரத்தினாலும் பிடிபடாமல் ஓட்டுவதற்காக இன்ஜினை முறுக்கேற்றி வைத்திருந்த பையன்கள், ஓய்ந்த நேரத்தில் யார் வண்டி வேகம் என்று பந்தயம் கட்டினார்கள். ஜூனியர் ஜான்சன் என்று ஒரு பெரிய ஓட்டுநர், 50 ரேஸ் ஜெயித்தவர். 1956இல் அப்பாவின் சாராய அடுப்படியில் பிடிபட்டு ஜெயிலுக்குப் போனார். 1986இல் ஜனாதிபதி ரீகன் அவருக்கு மன்னிப்பு கொடுத்தார். 1948இல் பில் பிரான்ஸ் என்பவர் டேட்டோனா பீச்சில் இதையெல்லாம் ஒரு அமைப்பாகக் கட்டினார். அதுதான் நாஸ்கார். இன்றைக்கு ஓடுவது கடைக் கார் இல்லை. மேலே இருக்கிற உருவம் மட்டும்தான் கடைக் கார், உள்ளே எல்லாம் பந்தயத்துக்கென்றே செய்தது.

ஒரு ஞாயிறு பையனைக் கூட்டிக்கொண்டு கன்னாபோலிஸ் போய் வாருங்கள், பக்கம்தான். நான் கரூர்க்காரன். அந்த ஊரைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. துண்டும் படுக்கை விரிப்பும் நெய்த மில் ஊர் அது. 2003 ஜூலையில் மில்லை மூடியபோது 4,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. நான் வந்தபோது பூட்டிய கேட்டும் புகைபோக்கியும் அப்படியே நின்றன. அங்கே ஊர் நடுவில் ஒரு சிலை இருக்கிறது. கைகட்டி, லேசாகச் சிரித்துக்கொண்டு நிற்கும் மனிதர் டேல் எர்ன்ஹார்ட். அவர் அப்பா ரால்ப், மில் வேலையை விட்டுவிட்டு மண் தரை டிராக்குகளில் ஓட்டிப் பிழைத்தவர். மகன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டபோது அந்த அப்பாவுக்கே பிடிக்கவில்லை. அப்பா 1973இல் மாரடைப்பில் போய்விட்டார். மகன் கடன் வாங்கி ஓட்டினார், மறுபடி கடன் வாங்கினார். 1979இல்தான் நாஸ்காரின் பெரிய தொடரான கப்பில் முழுநேர இடம். 1980இல் சாம்பியன். மொத்தம் ஏழு முறை. 2001 பிப்ரவரி 18, நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேட்டோனா 500இன் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்தார். அதற்குப் பிறகுதான் தலையையும் கழுத்தையும் பிடித்து நிறுத்தும் ஹான்ஸ் என்ற பட்டையைக் கட்டாயமாக்கினார்கள், அடி வாங்கினால் உள்வாங்கும் சுவர்களும் வந்தன. பெரிய தொடரின் பந்தயத்தில் அதன்பின் உயிர்ச்சேதம் இல்லை. இங்கே லாரியின் பின் கண்ணாடியில் வெறும் 3 என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அவர் வண்டி எண். அதை வைத்து மட்டும் கேலி வேண்டாம்.

சரி, சோற்றுக்கு வருவோம்.

உச்சியில் இருப்பது கப் தொடர். அதில் உரிமம் பெற்ற நிரந்தர இடம் 36 வண்டிகளுக்குத்தான். நாலு வண்டி கூடுதலாகச் சேரலாம், ஆக வழக்கமாக மொத்தம் 40 வரை. அதாவது இந்த நாடு முழுக்க முழுநேர வேலை நாற்பதுக்கும் கீழே. அதற்குக் கீழே இன்னும் இரண்டு தேசியத் தொடர்கள், அதில் ஒன்று டிரக்குகளுக்கு. அதற்கும் கீழே ஆர்கா என்ற தொடர், அப்புறம் ஊர் ஊராக இருக்கும் சின்ன டிராக்குகள். சம்பளம் என்ன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒப்பந்தம் ரகசியம், பரிசுப் பணத்தை வெளியிடுவதையும் 2016இல் நிறுத்திவிட்டார்கள். மேல்தட்டில் இருப்பவர்கள் மில்லியன் கணக்கில் வாங்குகிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கீழ்த் தொடர்களில் பல வண்டிகளில் ஓட்டுநர்தான் பணம் கொண்டுவர வேண்டும். நம் ஊரில் டொனேஷன் கட்டி சீட் வாங்குவது மாதிரி. அந்தப் பணம் அப்பாவிடமிருந்து வரும், இல்லையென்றால் ஸ்பான்சரிடமிருந்து. ஓட்டத் தெரிந்தவன் ஆயிரம் பேர் இருக்கிறான், கதவில் யாருடைய விளம்பரத்தை ஒட்டுவது என்பதுதான் கேள்வி.

இதற்கு நான் கண்ணால் பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2025 மே, கோக்க கோலா 600. டிக்கெட்டோடு ஒரு ஸ்கேனரும் வாடகைக்கு எடுத்தேன். ஓட்டுநரும் அவர் ஆட்களும் ரேடியோவில் பேசுவதை அதில் நாமும் கேட்கலாம். ஸ்டாண்டின் உச்சியில் ஸ்பாட்டர் என்று ஒருவர் நின்றுகொண்டு ஓட்டுநருக்குக் கண்ணாக இருப்பார். ‘இன்சைட், இன்சைட், இன்னும் இன்சைட், கிளியர்.’ நாலு மணி நேரம் இதேதான், குரலை உயர்த்தாமல். பிரசவ வார்டில் நர்ஸ் பேசுகிற மாதிரி ஒரு நிதானம். கீழே 40 வண்டி கர்ஜிக்கிறது, காதுக்குள் அந்த ஒரு குரல். பந்தயத்தையே மறந்துவிட்டேன்.

அன்று 283 சுற்று முன்னால் ஓடியவர் வில்லியம் பைரன். சார்லட் பையன், வசதியான வீடு. சின்ன வயசில் வீட்டில் உட்கார்ந்து ஐரேசிங் என்ற கம்ப்யூட்டர் பந்தயத்தில் கற்றுக்கொண்டு, பதினைந்து வயசை ஒட்டித்தான் நிஜ வண்டியில் ஏறினார். 2024, 2025 இரண்டு வருஷமும் டேட்டோனா 500 அவருக்கே. கடைசி ஆறு சுற்று இருக்கும்போது அவரைத் தாண்டிப் போனவர் ராஸ் சாஸ்டெயின். புளோரிடாவில் தலைமுறை தலைமுறையாகத் தர்ப்பூசணி போடும் விவசாயக் குடும்பம். சனிக்கிழமை பயிற்சியில் டயர் போய், வண்டி சுவரில் மோதி நாசமாகிவிட்டது. இரவோடு இரவாக ஒர்க்ஷாப்பில் மாற்று வண்டியைப் பூட்டிக் கொண்டுவந்தார்கள். நாற்பதாவதாக, கடைசி ஆளாகக் கிளம்பி, முதலாவதாக முடித்தார். ஜெயித்தால் ஒரு தர்ப்பூசணியைத் தூக்கித் தரையில் போட்டு உடைப்பது அவர் வழக்கம். திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைக்கிற நமக்கு அது புதிதா என்ன? என் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து கத்தினார்கள், நானும்தான்.

ஆனால் அதற்கு முன் அவருக்கு நடந்ததையும் பையனுக்கு ஒரு நாள் சொல்லுங்கள். 2011இல் டிரக்கில் தொடங்கி, பல வருஷம் காசில்லாத டீம்களின் ஓட்டை வண்டிகளில் பின்வரிசையில் ஓட்டினார். 2018இல் ஒரு நல்ல வண்டி சில பந்தயங்களுக்குக் கிடைத்தது, லாஸ் வேகாஸில் ஜெயித்தும் காட்டினார். அடுத்த வருஷம் முழுநேர இடம் உறுதி என்றார்கள். அந்த டிசம்பரில் ஸ்பான்சர் நிறுவனத்தில் எப்பிஐ சோதனை. நம் ஊர் சீட்டுக் கம்பெனி மோசடி மாதிரி ஒன்று. பணம் நின்றது, இடமும் போனது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. 2019இல் மூன்று தொடரிலும் கிடைத்த வண்டியில் எல்லாம் ஏறி ஓட்டினார். கப் தொடரில் முதல் வெற்றி 2022இல்தான்.

என் கதை அவ்வளவு பெரிதில்லை. என் மகனும் எட்டு வயசில் இதே பிடிவாதம் பிடித்தான். இங்கே அந்த வயசுக்கென்று பாண்டலேரோ என்ற குட்டிக் கார் இருக்கிறது. 30 குதிரைத்திறன், புல்வெட்டும் இயந்திரங்களுக்கு இன்ஜின் செய்கிற பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனுடையதுதான். கொஞ்சம் பெரியவனானதும் லெஜண்ட்ஸ் என்ற கார், அதில் மோட்டார் சைக்கிள் இன்ஜின். ஒரு பழைய கொரோலா வாங்குகிற பணத்தில் நான் ஒரு பழைய பாண்டலேரோ வாங்கினேன். விற்றவர் புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று கொடுத்தார். முதல் நாள் சோதனையில் அதிகாரி குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ‘வண்டியின் இரும்புச் சட்டகம் வளைந்திருக்கிறது, டிராக்கில் இறங்காது’ என்றார். பெயின்ட் அதற்காகத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதான். சட்டகத்தைச் சரி செய்ய மறுபடி பணம். பிறகு டயர், டிரெய்லர், அதை இழுக்க ஒரு டிரக், நுழைவுக் கட்டணம், ஒவ்வொரு மோதலுக்கும் உதிரிபாகம். இரண்டு கோடை ஓட்டினான். மூன்றாவது இடம் ஒரு முறை வந்தான். அப்புறம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, ‘அப்பா, எனக்குப் போதும்’ என்றான். என் மனைவி அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

விசா விஷயத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். பையன் உங்களைச் சார்ந்து வந்த எச்-4 குடும்ப விசாவில் இருக்கும்வரை சம்பளம் வாங்கி வேலை செய்ய முடியாது. எட்டு வயசில் அது பிரச்சினையே இல்லை. ஆனால் கப் தொடருக்குக் குறைந்தபட்சம் 18 வயசு, எச்-4 முடிவது 21இல். கிரீன் கார்டு வரிசை எப்படி நகர்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹெல்த் இன்சூரன்ஸ் காகிதத்தில் பந்தயம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வண்டி வாங்கும் முன் படியுங்கள்.

நம் ஆட்கள் யாராவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. பார்முலா ஒன் ஓட்டிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010இல் இங்கே டிரக் தொடரில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயம், 13ஆவது இடம். இந்தத் தொடர்களில் இறங்கிய முதல் இந்தியர் அவர்தான். அந்த வருஷம் டிரக் தொடரின் ரசிகர் மனம் கவர்ந்த ஓட்டுநர் விருதும் அவருக்கே போனது. ஓட்டுப் போட்டதில் என் வீட்டுக் கம்ப்யூட்டரும் உண்டு. ஒரே சீசன்தான், அதோடு சரி.

இன்னொன்று. இந்த ஊரில் ரேஸ் என்றால் ஓட்டுவது மட்டும் இல்லை. ஹெண்ட்ரிக் கான்கார்டில், ஜோ கிப்ஸ் ஹண்டர்ஸ்வில்லில், பென்ஸ்கி மூர்ஸ்வில்லில் என்று சுற்றிச் சுற்றி டீம்கள்தான். ஒவ்வொன்றிலும் பொறியாளர்கள், வெல்டர்கள், கணக்குப் பார்ப்பவர்கள் என்று கூட்டமாக வேலை செய்கிறார்கள். பத்து வினாடி போல நாலு டயரையும் மாற்றி பெட்ரோலும் ஊற்றும் பிட் ஆட்களில் பலர் கல்லூரியில் அமெரிக்கன் புட்பால் ஆடியவர்கள். யுஎன்சி சார்லட்டில் பந்தய வண்டிப் பொறியியலையே பாடமாக வைத்திருக்கிறார்கள். மாசச் சம்பளம் வருவது இந்தப் பக்கம்தான். ஆனால் எட்டு வயசுப் பையனிடம் இதைச் சொல்லாதீர்கள், முகம் வாடிவிடும்.

இப்போதைக்கு வண்டி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு ஸ்டியரிங்கும் பெடலும் வாங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுங்கள், பைரன் தொடங்கியது அதில்தான். ஜூன், ஜூலையில் ஸ்பீட்வேயின் முன்பக்கக் கால் மைல் டிராக்கில் சாயங்காலம் குட்டிக் கார்களின் பந்தயம் நடக்கும், சம்மர் ஷூட்அவுட் என்பார்கள். அங்கே போய் அவன் வயசுப் பிள்ளைகள் ஓட்டுவதையும், அவர்கள் அப்பாக்கள் முழங்கால் போட்டு டயரைத் தட்டிக்கொண்டிருப்பதையும் பாருங்கள். அந்த அப்பாக்களின் முகம்தான் முக்கியம், நன்றாகப் பாருங்கள். காதடைப்பான் மறக்காதீர்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம். சின்ன கூலர் பையில் புளியோதரை கொண்டுபோகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

என் மகனின் பழைய ஹெல்மெட் இன்னும் கேரேஜில் தொங்குகிறது. தர முத்திரை காலாவதி ஆகிவிட்டது, அதைப் போட்டுக்கொண்டு டிராக்கில் இறங்க விடமாட்டார்கள். கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்க்கலாம். சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வாருங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு.