வாழ்க்கையில் திசை தெரியாமல் தவிக்கும்போது இரவில் தனியாகக் கார் ஓட்டுவதுதான் ஆறுதல் தருகிறது. இது வெறும் தப்பித்தலா?

யாரோ உங்களைக் குத்திக்காட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அது நடந்தது.

வேலை போய், அடுத்ததும் அமையாமல் மாதங்கள் ஓடிய காலத்தில், வீட்டார் உறங்கிய பிறகு, ஓசை எழாதபடி சாவிக்கொத்தை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு வெளியேறுவேன். போய்ச் சேர வேண்டிய இடம் என்று எதுவும் இருக்காது. நான் அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் பதிலே வராது; நேர்காணல் வரை அழைத்துப் பேசிவிட்டு, தேர்வாகவில்லை என்று ஒற்றை வரி எழுதக்கூட மனம் வராத நிறுவனங்களை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய அலுவலகத்தில் அந்த ஒரு வரிக்கு ஆளில்லையா என்ன? எதைச் செய்தாலும் எங்கும் எதுவும் அசையாத அந்த நாட்களில், ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பினால் வண்டி திரும்பியது, பிரேக்கை மிதித்தால் நின்றது, எதிரே வருபவருக்காக நான் முகப்பு விளக்கின் ஹைபீமைத் தணித்தால் அவரும் தணித்தார். முகம் தெரியாத ஒருவர் காட்டிய அந்தச் சிறு மரியாதை, உறவினர்களின் அறிவுரையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது. (தணிக்காமல் கண்ணைக் கூசவைத்தபடியே கடந்துபோகிறவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.) மேலும், சாலை நம் கவனத்தில் ஒரு பங்கைக் கட்டாயமாக வாங்கிக்கொள்வதால், படுக்கையில் விடாமல் துரத்தும் கவலைக்கு அங்கே அவ்வளவு இடம் கிடைப்பதில்லை.

எரிபொருள் வீண், பிறருக்கும் ஆபத்து என்று சிலர் சண்டைக்கு வருவார்கள் என்பது தெரியும். முதலாவதற்கு என்னிடம் மறுப்பில்லை. இரண்டாவதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்குச் சரிந்துவிடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 4 நொடி கண் அயர்ந்தால், வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் தூரம் ஓட்டுபவரே இல்லாமல் போகிறது. ஜன்னலைத் திறப்பதையும் பாட்டை உரக்க வைப்பதையும் நம்பிப் பயனில்லை. ஆகவே போதிய அளவு தூங்கியிருந்தால் மட்டுமே சாவியை எடுங்கள். 2 மணிக்கு முன்பே வீடு திரும்பிவிடுங்கள், ஏனெனில் அதன்பின் விடியும் வரை உடலே தூக்கத்தைக் கேட்கும். வண்டியை எங்காவது மோதிவிடலாமே என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும், சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை. எனக்கு வேலை கிடைத்து நாளாகிறது. இப்போது ஓடி ஒளிய வேண்டிய காரணம் எதுவும் இல்லை, ஆனாலும் எப்போதாவது கிளம்பிவிடுகிறேன்.