கேழ்வரகுக் கூழ் குடித்தும் இனிப்பு நீர் குறையவில்லையே, ஏன்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 57. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். இப்போது டவுனில் மகளோடு இருக்கிறேன். இனிப்பு நீருக்கு (நீரிழிவு) மெட்ஃபார்மின், கிளிக்லசைட் மாத்திரை இரண்டும் சாப்பிடுகிறேன். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துச் சோற்றை அடியோடு விட்டுவிட்டேன். காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் சப்பாத்தி, இரவு ஓட்ஸ். ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனையில் (HbA1c) 8.1 இருந்தது 8.4 ஆகிவிட்டது. அரிசியை விட்டும் ஏன் ஏறுகிறது?

பதில்: அம்மா, நீங்கள் விட்டது அரிசியை மட்டும்தான். மாவுச்சத்து உங்கள் தட்டில் அப்படியே இருக்கிறது. அரிசி, கோதுமை, மக்காச்சோளம், கேழ்வரகு, கம்பு, ஓட்ஸ் எல்லாமே புல் இனத்து விதைகள். முளைக்கப்போகும் செடிக்காக அவை சேர்த்து வைத்திருப்பதே மாவுச்சத்துதான். சமைக்காத 100 கிராம் அரிசியில் அது சுமார் 78 கிராம். கேழ்வரகிலும் கோதுமை மாவிலும் 70 பக்கம். வித்தியாசம் அவ்வளவுதான்.

கூழில் என்ன சேர்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வருகிறவர்களைக் கேட்டால், பெரிய மக்கு நிறையக் கூழ், நாலைந்து கரண்டி மாவு, மேலே டின் பால் அல்லது ஒரு துண்டு குலா மெலாக்கா (தென்னை வெல்லம்). கேட்டால், “வெள்ளைச் சீனி போடலையே டாக்டர்” என்பார்கள். குலா மெலாக்காவும் சீனிதான் அம்மா, நிறம்தான் வேறு. சீனியே போடாவிட்டாலும், நைசாக அரைத்த மாவைத் தண்ணீராகக் காய்ச்சிக் குடித்தால் குடலுக்கு வேலையே இல்லை, சர்க்கரை சட்டென்று ஏறிவிடும்.

கேழ்வரகைக் குறை சொல்லவில்லை. 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து சுமார் 340 மில்லிகிராம் இருக்கிறது, வெள்ளையரிசியில் பத்தைத் தொடுவதே பெரிது. நார்ச்சத்தும் நல்ல அளவு. உங்கள் வயதில் எலும்புக்கு வேண்டியதுதான். கெட்டியான களியாகவோ அடையாகவோ செய்து, கீரை, சாம்பாரோடு அளவாகச் சாப்பிடுங்கள். கூழ்தான் வேண்டுமென்றால் மோர், சின்ன வெங்காயம் போட்டு ஒரு சின்னக் கோப்பை. ஓட்ஸும் நல்லதுதான், அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற நார் இரத்தக் கொழுப்பைக் குறைக்கும். ஆனால் கடையில் விற்கும் த்ரீ இன் ஒன் பாக்கெட் என்றால் அதில் பால்மாவும் சீனியும் சேர்ந்தே வரும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

தானியத்தின் பெயரைவிட அதை எப்படித் தீட்டினார்கள், எப்படிச் சமைத்தார்கள் என்பதுதான் முக்கியம். இதை உலகத்துக்குக் காட்டியதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் மலாயாவில், பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. வெள்ளையாகத் தீட்டிய அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களிடம் அதிகம், புழுங்கலரிசி சாப்பிட்ட நம் தமிழ்த் தொழிலாளர்களிடம் அபூர்வம். 1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளில் ஒரு பாதிக்குத் தீட்டிய அரிசியும் மறு பாதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி முதல் கூட்டத்தைத்தான் பிடித்தது. (இன்றைக்கு இப்படி ஒரு சோதனையை எந்த மருத்துவ நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது.) நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. அவித்து உலர்ந்த மாவுச்சத்து இறுகுவதால், குழைந்த வெள்ளைச் சோற்றைவிடப் புழுங்கலரிசி பொதுவாக மெதுவாகச் செரிக்கும். அதனால் சோற்றைத் தள்ளிவைக்க வேண்டாம். புழுங்கலுக்கு மாறுங்கள்.

அப்புறம் அளவு. கிளினிக் சுவரில் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ (மலாயில் ‘கால், கால், பாதி’) என்று ஒரு தட்டுப் படம் பார்த்திருப்பீர்கள். கால் தட்டு சோறு அல்லது சப்பாத்தி, கால் தட்டு மீன், கோழி, முட்டை, பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நம் வீடுகளில் இது தலைகீழ். விடிவதற்கு முன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பு) போய், மேடும் பள்ளமுமாக நடந்து மரம் வெட்டிப் பால் சுமந்த உடம்புக்கு மலைபோல் சோறு தேவைப்பட்டது. இப்போது அந்த நடை இல்லை, ஆனால் சோற்று மலை இருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் 31.4 விழுக்காடு. இதற்குச் சோறு மட்டும் காரணமில்லை, பரம்பரையும் உடம்புப் பருமனும் சேர்ந்த கதை. சாப்பிட்ட பிறகு கால் மணி நேரமாவது நடங்கள்.

ஒரு எச்சரிக்கை. கிளிக்லசைட் போட்டுக்கொண்டு மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ரொம்பவும் இறங்கிவிடலாம். வியர்த்து, கை நடுங்கி, படபடத்தால் உடனே சோதியுங்கள். 4 mmol/L-க்குக் கீழே இருந்தாலோ, சோதிக்க வசதி இல்லாவிட்டாலோ, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி சோதியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உங்களுக்கு ஒத்துவரும் அளவைத் தெரிந்துகொள்ள ஒரு வழி: சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை விரலில் குத்திப் பாருங்கள். ஒருநாள் கூழுக்கு, ஒருநாள் சப்பாத்திக்கு, ஒருநாள் புழுங்கல் சோற்றுக்கு. இரண்டாவது அளவு 10 mmol/L-ஐத் தாண்டினால் அந்தச் சாப்பாட்டின் அளவைக் குறைக்க வேண்டும். நோட்டில் குறித்துவைத்து அடுத்த முறை கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறீர்கள், கால் மரத்துப்போகிறது என்றால் பி12 வைட்டமின் சோதனையும், கூடவே சிறுநீரகச் சோதனையும் கேளுங்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் கேழ்வரகு உட்பட எந்தத் தானியத்தை எவ்வளவு சாப்பிடலாம் என்று அங்கேயுள்ள டயட்டீஷியனிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.