கோளா, கிரகமா?

கேள்வி: என் பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கட்டுரையில் ‘செவ்வாய் கிரகம்’ என்று எழுதியதற்கு, அது வடசொல் என்று டீச்சர் அடித்துவிட்டு ‘கோள்’ என்று திருத்தியிருக்கிறார். இரண்டு மார்க்கும் போய்விட்டது. இரண்டும் ஒன்றுதானே? உங்கள் பத்திரிகையிலேயே ஒரு பக்கம் கோள், இன்னொரு பக்கம் கிரகம் என்று வருகிறதே?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: மார்க்கைக் குறைத்தது தவறு. சொன்ன காரணம் அதைவிடத் தவறு. வடசொல் கூடாது என்றால் புதனையும் சனியையும் அடிக்க வேண்டும். பேத்தி இனிமேல் அறிவன், காரி என்று எழுத வேண்டுமா? கிரகமும் கோளும் கருத்தில் பங்காளிகள்தான். ‘கொள்’ என்பதிலிருந்து வந்தது கோள். பற்றுவது, பிடிப்பது என்ற வேரிலிருந்து வந்தது கிரகம். கிரகணமும் அதே வேர்தான்.

ஆனால் இரண்டும் ஒன்றுதானே என்று நீங்கள் கேட்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றும்போது எண்ணிப் பாருங்கள். சூரியன் இருக்கிறது, சந்திரன் இருக்கிறது. ராகு, கேது இருக்கின்றன. வானவியல் கணக்கில் அவை சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். நாம் நிற்கிற பூமி மட்டும் அந்த ஒன்பதில் இல்லை. அப்புறம் பேத்தியைக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே சூரியனைச் சுற்றும் எட்டில் பூமி மூன்றாவது. சூரியன் விண்மீன், சந்திரன் துணைக்கோள். கிரகம் என்ற சொல்லைச் சொன்னால் எந்தப் பட்டியல் என்ற கேள்வி வரும், கோள் என்றால் வராது. அறிவியலுக்குக் கோள் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று, கோளை வைத்துப் புதுச்சொல் கட்டுவது சுலபம். துணைக்கோள், செயற்கைக்கோள், சிறுகோள், வேறு விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள். 2006-ல் புளூட்டோவைப் பட்டியலிலிருந்து எடுத்தபோது குறுங்கோள் என்ற சொல் இடறாமல் வந்து உட்கார்ந்தது. பத்திரிகைக்காரர்கள் சிறுகோளை விண்கல் என்று எழுதுவது எனக்குத் தாங்கவில்லை. விண்கல் பூமியில் வந்து விழுவது. சிறுகோள் தன் பாதையில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருப்பது. 1861-ல் நம் நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்திலிருந்து நார்மன் போக்சன் ஒன்றைக் கண்டுபிடித்து ஏஷியா என்று பெயர் வைத்தார். சிறுகோள் கண்டுபிடித்த ஊர்க்காரர்கள் நாம், அதன் பெயரையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

டீச்சர் தமிழ்ச்சொல் மேல் ஆசைப்படுவது எனக்கும் பிடித்ததுதான். அந்த ஆசையோடு கொஞ்சம் பழம்பாட்டையும் வகுப்புக்குக் கொண்டுவரலாம். பட்டினப்பாலை, நாண்மீன்களோடு கலந்து திரியும் கோண்மீனைச் சொல்கிறது. நாண்மீன் நட்சத்திரம், கோண்மீன் கோள். அதே பாட்டில் வெள்ளி, வெண்மீன். புறநானூற்றில் சனி, மைம்மீன், கரிய மீன். வெறுங்கண்ணால் வானத்தைப் பார்த்து நிறத்தை வைத்தே பெயர் சொல்லியிருக்கிறார்கள். பரிபாடல் வேறு வழியில் போகிறது. அதில் செவ்வாய் படிமகன், அதாவது நிலமகளின் பிள்ளை. வியாழன் அந்தணன், புதன் புந்தி, சனி பங்கு, அதாவது முடவன். வடமொழிக் கதையும் தமிழ்ச் சொல்லும் அந்தக் காலத்திலேயே ஒரே பாட்டில் சேர்ந்து இருந்திருக்கின்றன. சிவப்பு மையால் அடிக்கும் முன் டீச்சர் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

1781-ல் கண்டுபிடித்த யுரேனஸுக்கும் 1846-ல் கண்டுபிடித்த நெப்டியூனுக்கும் பழம்பெயர் தேட வேண்டியதில்லை. இருக்கிற பெயரே போதும்.

எங்கள் பக்கங்களைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். ராசிபலன் பக்கத்தில் கிரகம் இருக்கும், அங்கே அதுதான் சரியான சொல். அறிவியல் பக்கத்தில் அது வந்தது எங்கள் பிழை. அடுத்த இதழிலிருந்து அங்கே கோள் மட்டும்தான். பேத்தியிடம் அடுத்த கட்டுரையில் கோள் என்றே எழுதச் சொல்லுங்கள். இந்த இரண்டு மார்க்கை மட்டும் விட்டுவிடாதீர்கள், பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேளுங்கள்.