ஏரிச் சேற்றைப் படித்தால் வேலை கிடைக்குமா? கோபிசெட்டிபாளையம் பக்கத்து அப்பா ஒருவருக்குப் பதில்

அண்ணா, வணக்கம். "இன்ஜினியரிங் வேண்டாங்குறா, பனி நாட்டு ஏரிச் சேற்றை ஆராயணுங்குறா, அது சோறு போடுமாங்க?" என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பாப்பா சொல்வது என்ன என்று பார்த்துவிடுவோம்.

கோடையில் குளத்து வண்டலை அள்ளி மஞ்சள் காட்டுக்கு அடித்திருப்பீர்கள். வெட்டின குழியின் ஓரத்தில் மண் அடுக்கடுக்காக, ஒவ்வொன்றும் ஒரு நிறமாகத் தெரியும். அலாஸ்கா, சைபீரியா ஏரிகளின் அடியிலும் வண்டல்தான். குழாயை இறக்கி, அடுக்கு கலையாமல் மேலே எடுக்கிறார்கள். அங்கே சுற்றியுள்ள நிலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்து கிடக்கிறது. செத்த செடியும் வேரும் மக்காமல் அதற்குள்ளேயே இருக்கின்றன. காற்றில் இருப்பதைப் போல ஏறக்குறைய 2 மடங்கு கார்பன் அந்த வடதுருவப் பக்கத்து மண்ணில் இருக்கிறது. உருகினால் அது கரியமில வாயுவாகவும் மீத்தேனாகவும் கிளம்பும். முன்பு பூமி சூடானபோது எவ்வளவு உருகியது என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே அடுக்கிலிருந்து ஒரு சிறு இலையையும் கொஞ்சம் சேற்றையும் எடுத்து, ரேடியோகார்பன் முறையில் (செத்த பொருளில் மிச்சமிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து) தனித்தனியே வயது பார்ப்பார்கள். இலை அந்தக் காலத்தில் கரையில் முளைத்தது. சேறு அதைவிடச் சில ஆயிரம் ஆண்டு மூத்ததாக வந்தால், கரை நிலம் உருகிப் பழைய மண் ஏரிக்குள் வந்திருக்கலாம். ஆனால் சுண்ணாம்புப் பாறை இருந்தாலும், அதன் பழைய கார்பன் கலந்து வயது கூடிக் காட்டும். எது காரணம் என்று பிரித்தறிய வேதியியல் நன்றாகத் தெரிய வேண்டும். அதனால் பாப்பா வேதியியலை விடவே கூடாது.

இதற்குப் பனி நாடே வேண்டும் என்றும் இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் நீலகிரிச் சதுப்பு மண். அதில் எப்போது புல் மிகுந்தது, எப்போது காடு மிகுந்தது என்று 20,000 ஆண்டு வரலாற்றைப் படித்து 1993இல் வெளியிட்டார்கள்.

படிப்புக்கு வருவோம். பாப்பா உயிரியல்-கணிதப் பிரிவு என்பதால் ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத்தேர்வை எழுதட்டும். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் என நான்கு பாடத்திலும் சம அளவு கேள்விகள். கிடைக்காவிட்டால் சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாலஜி (நிலவியல்; மண், பாறை படிப்பது, பள்ளியில் படித்த புவியியல் வேறு), அப்புறம் ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி.

சோற்றுக்கு வழி எம்.எஸ்சி. முடித்ததுமே இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு (ஜி.எஸ்.ஐ.) யுபிஎஸ்சி தேர்வு வைத்து ஆள் எடுக்கிறது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் பிஎச்.டி. படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய். லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனமும் கோவாவின் துருவ ஆய்வு மையமும் இந்தத் துறைக்கான இடங்கள். ஆனால் அங்கே நிரந்தர வேலை சிலருக்குத்தான், அதற்கும் பத்து வருடம் பொறுக்க வேண்டும். இதை பாப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஐசர் விண்ணப்பத் தேதியைத் தவற விடாதீர்கள். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.