புதுச்சேரிக்குச் சட்டம் எழுதச் செயற்கை நுண்ணறிவால் முடியுமா?

முடியும், வேறொரு ஊருக்கு எழுதியே இருக்கிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகர மன்றம் 2023-இல் ஒரு சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது: திருடுபோன தண்ணீர் மீட்டருக்கு வீட்டுக்காரரிடம் பணம் கேட்கக் கூடாது. வரைவை எழுதியது சாட்ஜிபிடி என்று, அதைக் கொண்டுவந்த உறுப்பினர் பிறகுதான் சொன்னார். கெட்டிக்காரர்!

மீட்டருக்குச் சரி. நம் ஊர் வாரிசுரிமை என்றால் எனக்குப் பயம்தான். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்கள் இங்கே இன்றும் இருக்கின்றன. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. அந்தச் சட்டத்தின் 2(2அ) பிரிவு என்ற ஒற்றை வரி அந்த விலக்கைத் தருகிறது. செயற்கை நுண்ணறிவு அந்த வரியைத் தவறவிட்டாலும் வரைவு அழகாகவே இருக்கும். அனுபவமுள்ள உள்ளூர் வழக்கறிஞரோ பேனாவைத் திறக்குமுன் கேட்பார்: "நீங்கள் ரெனோன்சானா?"