சட்டியில் மிஞ்சியதும் சாப்பாடுதான்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 41, எடை 76 கிலோ. மூன்று தடவை டயட் இருந்து ஆறேழு கிலோ குறைத்தேன், மூன்று தடவையும் திரும்ப ஏறிவிட்டது. காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் இரண்டு சப்பாத்தி என்று பகல் முழுக்கக் கட்டுப்பாடாகத்தான் இருக்கிறேன். இரவு எல்லோரும் சாப்பிட்டபின் பாத்திரம் ஒழிக்கும்போது என்னை மீறி எதையாவது தின்றுவிடுகிறேன். எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா? மைண்ட்ஃபுல் ஈட்டிங் என்கிறார்களே, அதில் எடை குறையுமா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

மனக்கட்டுப்பாடு இல்லாதவர் மூன்று தடவை ஆறு கிலோ குறைத்திருக்க முடியாது. உங்களுக்கு இருப்பது பசி.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், திடகாத்திரமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு மட்டும் கொடுத்துப் பார்த்தார். நாளைக்குச் சுமார் 1,570 கலோரி, நம் ஊரில் பலர் சொல்லும் டயட் சார்ட்டைவிட அதிகம்! அந்தப் பையன்கள் எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், கட்டுப்பாட்டை எடுத்தபின் வயிறு வெடிக்கத் தின்றும் பலருக்கு அடங்கவில்லை. பகலெல்லாம் பட்டினி போட்ட உடம்பு இரவு பத்து மணிக்குச் சோற்றுப் பானையைத் தேடுவதில் உங்கள் தப்பு என்ன இருக்கிறது?

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். இரவு உங்களுக்கென்று தட்டு வைத்து, உட்கார்ந்து, சூடாகச் சாப்பிடுகிறீர்களா? என் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டதை நான் கல்யாணப் பந்தியில்தான் பார்த்திருக்கிறேன், மற்ற நாளெல்லாம் குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து, பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசையையும் வீணாக்க மனசு வராமல் வாயில் போட்டுக்கொண்டு, நின்றபடியே முடித்துவிடுவார், கேட்டால் இன்னும் சாப்பிடவே இல்லை என்பார். பொய் இல்லை, அது சாப்பாடு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் போல ஆகும். நின்றுகொண்டு ஐந்து நிமிஷத்தில் விழுங்கினால் அது எப்படித் தெரியும்?

மைண்ட்ஃபுல் ஈட்டிங் என்று பெரிய பெயர் வைத்திருப்பது இதைத்தான். பசிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, போனையும் சீரியலையும் தள்ளிவைத்து, ருசி தெரிந்து மென்று, போதும் என்று தோன்றும்போது கையைக் கழுவுவது. இதனால் கட்டாயம் எடை குறையும் என்று நான் சொல்ல மாட்டேன், சிலருக்குக் கொஞ்சம் குறைகிறது, சிலருக்கு இல்லை. ஆனால் அடக்க முடியாமல் தின்பது குறைகிறது, அப்புறம் தின்றதை நினைத்து அழுவதும்.

அதனால் மதியச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். சோறு அளவாக, காய் நிறைய, கூடவே பருப்போ முட்டையோ மீனோ. இரவு முதல் தோசை சூடாக உங்கள் தட்டுக்கு வரட்டும், வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கூடவே உட்காரட்டும். முதலில் கூச்சமாக இருக்கும், நான்கு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், அதைத் தீர்ப்பது உங்கள் வயிற்றின் வேலை கிடையாது.

எடை மெஷினில் தினமும் ஏறாதீர்கள். இடுப்பளவைப் பாருங்கள், நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். உங்கள் எடையில் நான்கு கிலோ குறைந்து அப்படியே நின்றாலே சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் நல்லது. தைராய்டையும் ஒருதடவை பார்த்துவிடுங்கள். தின்றபின் வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள், பாத்திரம் ஒழிக்கும்போது பசித்ததா என்று.