கொடை (நெல்லைப் பக்கத்து நாட்டார் தெய்வக் கோயில் திருவிழா) நோட்டீஸில் வரும் இசக்கி, சாமக்கொடை, பூடம், படப்பு, கோமரத்தாடி: இவற்றுக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தவை?

அகராதியைப் புரட்டுமுன் நெல்லைப் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

இசக்கியை 'இசை'யோடு முடிச்சுப் போட வேண்டாம். பழைய வடிவம் இயக்கி, ஒருவகைப் பெண் தெய்வம். வடமொழியில் யட்சி, பாலியில் யக்கி. உயிர் உசிராகிற அதே வழியில் இயக்கி இசக்கியானாள். சிலப்பதிகாரத்தில் மாதரி பூங்கண் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் கவுந்தியடிகளைக் காண்கிறாள். கழுகுமலைச் சமணச் சிற்பங்களிலும் யட்சியர் உண்டு. அதை வைத்து இன்றைய இசக்கியம்மன் அப்படியே சமணத் தெய்வம் என்று அடித்துச் சொல்லிவிடக் கூடாது. வில்லுப்பாட்டில் அவளுக்குப் பாடுவது நீலி கதை. பெயர் வந்த தடம் வேறு, கதை வந்த தடம் வேறு.

சாமக்கொடை நள்ளிரவுக் கொடை. யாமம்தான் சாமம், சாமவேதத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதுவும் உசிர் மாதிரித்தானே என்று தோன்றும். இல்லை. சொல்லின் முதலில் நிற்கும் யகரம் ஜகரமாவது பிராகிருத வழக்கம். சாமம் அந்த வழியாக வந்தது. நம் பேச்சில் யானை ஆனையாகுமே தவிர சானை ஆகாது.

பூடம் என்பது பீடம். வீடு வூடு, பெட்டி பொட்டி, பிடி புடி ஆகின்றன அல்லவா? பகர வகரத்தை அடுத்து இ, ஈ, எ வந்து, பின்னால் டகரம் போல நாக்கை மடக்கும் எழுத்து நின்றால் உதடு குவிந்துவிடும். சுடலைமாடனுக்குச் செங்கல் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு அடித்து நிற்கிறதே, மேலே போகப் போகக் குறுகும் தூண், அதுதான் பூடம்.

படப்பு என்பது படைப்பு. நடு ஐகாரம் தேய்ந்துவிட்டது. இலை விரித்துச் சோறு, ஆட்டுக்கறி, அவித்த முட்டை என்று சாமிக்குப் பரப்புவது. வைக்கோல் போரையும் இங்கே படப்பு என்பார்கள், குழம்ப வேண்டாம்.

கோமரம் என்றால் சாமி வந்து இறங்குவது; அதில் ஆடுகிறவர் கோமரத்தாடி. மலையாளத்தில் கோமரம் என்றாலே ஆடுகிற ஆள்.

நோட்டீஸில் வராத இரண்டு, கேட்காமலே சொல்கிறேன். கிறிஸ்தவ ஊர்களில் கோயில் விழாவில் போடும் பொது விருந்தான அசனம், உணவு என்னும் வடசொல். உண்ணாநோன்பைக் குறிக்கும் அனசனம் இதன் எதிர்மறை. ஆசனம் என்று நெடிலாக்கினால் இருக்கை ஆகிவிடும். பொட்டல்புதூர் தர்காவில் எடுக்கும் கந்தூரி பாரசீகச் சொல்: முதலில் சாப்பாட்டு விரிப்பு, பிறகு அதில் பரிமாறிய விருந்து.